விமானம் வராத வருடத்திலும் திறந்திருக்கும் விமான நிலையம்

சேலம் விமான நிலையத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஊரில் முதலில் வரும் கேள்வி, "இப்ப பிளேன் வருதா, இல்லையா?" என்பதுதான். கேள்வியில் தப்பில்லை. காமலாபுரத்தில் நிலையம் கட்டி முடிந்தது 1993-ல். என்இபிசி சில காலம் பறந்தது, நின்றது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் சென்னைக்கு ஏடிஆர் என்ற சிறிய புரொப்பெல்லர் விமானத்தை விட்டது, 2011-ல் நிறுத்தியது. 2018 மார்ச்சில் சிறிய ஊர்களுக்கு விமானம் விட மத்திய அரசு உதவித்தொகை தரும் உதான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது, 2021-ல் அதுவும் போனது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் பெங்களூருக்கும் கொச்சிக்கும், இண்டிகோ சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் தொடங்கின. ஒவ்வொரு இடைவெளியிலும் கட்டடம் இருந்தது, ஓடுபாதை இருந்தது, காவலுக்கு ஆள் இருந்தார்கள். வேலை மட்டும் இல்லை.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் வெஸ்ட் லஃபாயெட் என்ற ஊரில் இன்னொரு விமான நிலையம் இருக்கிறது. அங்கே 2004-ல் கடைசி விமான நிறுவனம் மூட்டை கட்டியது. அடுத்தது வந்தது 2024-ல். இருபது வருடம் பயணிகள் விமானம் கிடையாது. ஆனால் அந்த நிலையம் ஒரு நாளும் சும்மா கிடக்கவில்லை. தினமும் விமானங்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. காரணம், அதன் சொந்தக்காரர் அரசு ஆணையமோ நகராட்சியோ அல்ல. பர்டூ பல்கலைக்கழகம்.

பல்கலைக்கழகமே பொது விமான நிலையத்துக்கு உரிமையாளராக இருப்பது நமக்குப் புதிதாகத் தெரியலாம். அமெரிக்காவில் பல இடங்களில் உண்டு. இலினாய் பல்கலைக்கழகத்தின் வில்லார்ட், டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஈஸ்டர்வுட், ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டான் ஸ்காட் தளம், ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்ஹைமர், கலிஃபோர்னியாவில் டேவிஸ் வளாகத்தின் சிறிய தளம். இங்கிலாந்தில் கிரான்ஃபீல்ட். இவற்றில் முதலாவது பர்டூதான்.

பர்டூவின் கதை ஒரு நிலத்தில் தொடங்குகிறது. டேவிட் ராஸ் அந்த ஊர்த் தொழிலதிபர், வண்டிகளின் ஸ்டீயரிங் பாகங்களில் காப்புரிமை பெற்றவர், பல்கலைக்கழக அறங்காவலர் குழுவில் இருந்தவர். 1930-களின் தொடக்கத்தில் விமானத் தளத்துக்கான நிலத்தை அவர்தான் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 1934 வாக்கில் தளம் முறையாக இயங்க ஆரம்பித்தது. அடுத்த வருடம் பல்கலைக்கழகத் தலைவர் எட்வர்ட் எலியட், புகழ்பெற்ற பெண் விமானி அமேலியா ஏர்ஹார்ட்டை வேலைக்கு அழைத்து வந்தார். மாணவிகளுக்குத் தொழில் வழிகாட்டியாகவும் வானூர்தித் துறைக்கு ஆலோசகராகவும் இருப்பது அவர் பொறுப்பு. 1936-ல் பர்டூ ஆய்வு அறக்கட்டளை திரட்டிய பணத்தில் வாங்கியதுதான் ஏர்ஹார்ட்டின் லாக்ஹீட் எலெக்ட்ரா 10ஈ விமானம். "பறக்கும் ஆய்வுக்கூடம்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். உலகைச் சுற்றும் பயணத்தில் 1937 ஜூனில் கராச்சியிலிருந்து கல்கத்தா டம்டம்முக்கு வந்ததும் அந்த விமானம்தான். ஜூலை 2-ம் தேதி பசிபிக்கில் ஹவ்லேண்ட் தீவுக்கு அருகே காணாமல் போனது. பர்டூ என்றதும் எல்லோரும் எழுதுவது இந்த ஒரு கதையைத்தான். நிலையத்தைக் காப்பாற்றி வைத்தது அது அல்ல.

காப்பாற்றியது பயிற்சி. 1938 டிசம்பரில் அதிபர் ரூஸ்வெல்ட் கல்லூரி மாணவர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுத் தரும் திட்டத்தை அறிவித்தார். வருடத்துக்கு 20,000 பேர் என்பது இலக்கு. 1939-ல் சோதனை முறையில் 13 கல்லூரிகளில் 330 மாணவர்களோடு தொடங்கினார்கள். அந்தப் பதின்மூன்றில் பர்டூ ஒன்று. போர் வந்ததும் பயிற்சியின் அளவு பல மடங்கானது. நாடெங்கும் ராணுவமும் கடற்படையும் ஓடுபாதைகள் போட்டன. போர் முடிந்து உபரியான தளங்களை உள்ளூர் அரசுகளுக்கும் பொது அமைப்புகளுக்கும் கொடுக்க 1944-ம் ஆண்டின் உபரிச் சொத்துச் சட்டமும் அதன் 1947 திருத்தமும் வழி செய்தன. இப்படிக் கொடுத்ததோடு ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டது: இது என்றைக்கும் பொது விமான நிலையமாகவே இருக்க வேண்டும். இன்றைய பல்கலைக்கழக விமான நிலையங்களில் பலவற்றின் வேர் இந்தக் காலத்தில்தான் இருக்கிறது.

பர்டூ 1942-ல் தனியாக ஒரு வானூர்திக் கழகமே தொடங்கியது. பின்னாளில் அது டிசி-3, டிசி-9 வைத்து வாடகைப் பயணங்கள் ஓட்டும் விமான நிறுவனமாக வளர்ந்து, 1971-ல் மூடியது. மாணவர்கள் உண்மையான விமான நிறுவனத்திலேயே வேலை பழகினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகம் விமான நிறுவனம் நடத்துவது வேறு, விமான நிலையம் நடத்துவது வேறு. முதலாவது எப்போது வேண்டுமானாலும் கையைக் கடிக்கும்.

இனி "பொது" என்பதற்கு வருவோம். முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் ஒரு தார்ப் பாதை போட்டுத் தன் விமானத்தை மட்டும் இறக்கினால் அது தனியார் தளம். ஐஐடி கான்பூரில் இருப்பது அந்த வகை: சொந்த ஓடுபாதை, பறப்பு ஆய்வுக்கூடம், மாணவர்கள் விமானத்தில் ஏறி அளவெடுத்துப் படிக்கும் பாடம். அருமையான வசதி, ஆனால் பொதுமக்களுக்கு அங்கே வேலையில்லை. நம் நாட்டில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ தரும் விமானத் தள உரிமமும் தனியார் பயன்பாடு, பொதுப் பயன்பாடு என்று இரண்டு வகைதான்.

அமெரிக்காவில் பொது நிலையம் என்று ஆகிவிட்டால், அந்நாட்டு மத்திய விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் மேம்பாட்டு நிதி கிடைக்கும். சிறிய நிலையங்களில் ஓடுபாதையை மறுபடி போட, விளக்கு மாற்ற, தீயணைப்பு வண்டி வாங்க ஆகும் தகுதியுள்ள செலவில் குறைந்தது 90 சதவீதத்தைப் பொதுவாக மத்திய அரசு ஏற்கும். மிச்சத்தைத்தான் பல்கலைக்கழகமும் மாநிலமும் போட வேண்டும். இந்தப் பணம் பயணச் சீட்டு வரியிலிருந்தும் விமான எரிபொருள் வரியிலிருந்தும் வருகிறது. கல்வி நிதியிலிருந்து அல்ல. பல்கலைக்கழக நிதிக்குழுவுக்கு விமான நிலையம் கட்டுப்படியாவது இதனால்தான்.

அதற்குப் பதிலாகக் கையெழுத்துப் போட வேண்டிய உறுதிமொழிகள் கடுமையானவை. பணம் வாங்கிச் செய்த வேலைக்குப் பொதுவாக 20 வருடம் கட்டுப்பட வேண்டும். மத்தியப் பணத்தில் நிலம் வாங்கினால் காலக்கெடுவே கிடையாது. யார் வந்து இறங்கினாலும் பாரபட்சம் காட்டக் கூடாது. தன் மாணவர்களின் பயிற்சிக்கு இடைஞ்சல் என்று வெளியூர் விமானத்தைத் தடுக்க முடியாது. வெளியிலிருந்து இன்னொரு பயிற்சிப் பள்ளி இடம் கேட்டாலும் நியாயமான நிபந்தனையில் கொடுத்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விமான நிலையத்தில் வரும் வருமானத்தை விமான நிலையத்துக்கே செலவிட வேண்டும். விமானக் கொட்டகை வாடகையை எடுத்து நூலகம் கட்ட முடியாது. பல்கலைக்கழக நிர்வாகங்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இதுதான். நிலத்தின் ஒரு மூலையில் மைதானமோ வாகன நிறுத்தமோ அமைத்துவிட்டால், அந்த நிலத்துக்குச் சந்தை வாடகையைக் கல்வித் துறை விமான நிலையக் கணக்கில் கட்டு என்று எஃப்ஏஏ கேட்கும். ஒரே நிறுவனத்துக்குள் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு வாடகை! சிரிப்பாக இருந்தாலும், இந்த விதி இல்லாவிட்டால் அந்த நிலமெல்லாம் எப்போதோ விடுதிகளாகி இருக்கும்.

விமான நிறுவனம் வந்தால் செலவு எப்படித் தாவும் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க விதிப்படி, 9 இருக்கைக்கு மேற்பட்ட விமானத்தில் அட்டவணைச் சேவை நடந்தால் நிலையத்துக்கு பார்ட் 139 என்ற பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். தீயணைப்பு வண்டி, பயிற்சி பெற்ற ஆட்கள், தினசரி ஆய்வுப் பதிவேடு, பறவை மேலாண்மைத் திட்டம் எல்லாம் அதோடு சேர்ந்து வரும். 2024-ல் பர்டூவிலிருந்து சிகாகோவுக்கு மறுபடி சேவை தொடங்கியபோது சதர்ன் ஏர்வேஸ் கொண்டுவந்தது ஒன்பது பேர் உட்காரும் செஸ்னா கேரவன். ஒற்றை எஞ்சின் விமானத்தில் என்ன சேவை என்று கேலி செய்பவர்கள் இந்த ஒன்பதாம் எண்ணைக் கவனிப்பதில்லை. கூட்டம் வருகிறதா என்று குறைந்த செலவில் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

நம் பக்கம் அந்தச் சலுகை இப்படி இல்லை. ஏடிஆர் 72-ன் நீளம் 27 மீட்டர் சொச்சம், அதனால் சர்வதேச அளவுகோலில் தீயணைப்பு வகை 5. குறைந்தது 5,400 லிட்டர் தண்ணீரும் அதற்கேற்ற நுரைக் கரைசலும், நிமிடத்துக்கு 3,000 லிட்டர் பீய்ச்சும் திறனும் வேண்டும். ஓடுபாதையின் எந்த முனைக்கும் மூன்று நிமிடத்துக்குள் வண்டி போய்ச் சேர வேண்டும். இரண்டு நிமிடம் என்பது இலக்கு. நாளுக்கு ஒரு விமானம் வந்தாலும் பத்து வந்தாலும் இந்தச் செலவு ஒன்றுதான். ஒரே ஒரு ஏடிஆரை நம்பி இருக்கும் நிலையம் எப்போதும் நட்டத்தில் இருப்பதன் கணக்கு இது. உதான் உதவித்தொகையும் விமான நிறுவனத்துக்கு மூன்று வருடம்தான். ஓரளவு இருக்கைகளைக் கட்டுப்படுத்திய கட்டணத்தில் விற்க வேண்டும், வித்தியாசத்தை அரசு ஈடுகட்டும். மூன்று வருடம் முடிந்ததும் அந்த வழித்தடம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். காமலாபுரத்தில் 2018-க்கும் 2021-க்கும் இடையில் எத்தனை வருடம் என்று விரல் விட்டு எண்ணலாம்.

பயணிகள் பக்கமும் ஒரு ஒற்றுமை உண்டு. பர்டூவிலிருந்து இண்டியானாபொலிஸ் பெரிய விமான நிலையம் நெடுஞ்சாலையில் சுமார் 100 கிலோமீட்டர், சிகாகோ அதைப்போல இரண்டு மடங்கு. சேலத்துக்காரருக்குக் கோவை மூன்று மணி நேரம், திருச்சியும் கிட்டத்தட்ட அவ்வளவே, பெங்களூர் இன்னும் கொஞ்சம். நான்கு வழிச் சாலை நன்றாக இருந்தால் ஆள் காரை எடுத்துக்கொண்டு பெரிய நிலையத்துக்குப் போய்விடுவார்; அங்கே நாளுக்குப் பத்து விமானம், கட்டணமும் குறைவு. சிறிய நிலையத்தில் காலை விமானம் ரத்தானால் அடுத்தது நாளைக்குத்தான். பயணிகள் இப்படிக் கசிந்து போவதைத் தடுத்து நிறுத்திய சிறிய நிலையம் எங்கேயும் அபூர்வம். ஆகவே விமான நிறுவனத்தை அடித்தளமாக வைத்து நிலையத்தைத் திட்டமிடுவது தலைகீழ் வேலை.

அப்படியானால் காமலாபுரத்தின் உடம்பு எப்படிப்பட்டது? ஓடுபாதை 04/22, அதாவது வடகிழக்கு-தென்மேற்காகக் கிடப்பது, நீளம் 1,806 மீட்டர், அகலம் 30 மீட்டர். உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 307 மீட்டர். நிலம் சுமார் 136 ஏக்கர். முதலில் நீளத்தை எடுத்துக்கொள்வோம். முழு எடையில், கடல் மட்டத்தில், 15 டிகிரியில் ஏடிஆர் 72-க்குச் சுமார் 1,300 மீட்டர் தேவை. ஓடுபாதை திட்டமிடுபவர்களின் வழக்கமான திருத்தம்: ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் 7 சதவீதம் கூட்டு. ஆக 1,391. அடுத்து வெப்பம்: அந்த உயரத்துக்கு வைத்திருக்கும் தரநிலை வெப்பநிலை 13 டிகிரி, அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு சதவீதம். சேலத்துச் சித்திரை வெயிலை 38 என்று வைத்தால் 25 சதவீதம். 1,391 என்பது 1,739 ஆகிறது. 1,806-ல் மிச்சம் 67 மீட்டர். சரிவுக்குத் தனிக் கூட்டல் உண்டு, அதை விட்டுவிடலாம். ஏடிஆருக்காகவே அளந்து தைத்த பாதை இது. பெரிய ஜெட்டான ஏ320-க்கு இதே கணக்கைப் போட்டால், 2,100-ல் தொடங்கி 2,800-க்குப் போய் நிற்கும். குறுகிய தூரத்துக்கு எரிபொருளைக் குறைத்துக்கொண்டு இன்னும் குட்டையான பாதையிலும் கிளம்பலாம்தான், ஆனால் 1,806-ல் வியாபாரம் நடக்காது. அகலமும் 45 மீட்டர் வேண்டும்.

நிலக் கணக்குதான் இன்னும் சுவாரசியம். கருவிகளின் உதவியோடு இறங்க அனுமதிக்கும் ஓடுபாதையைச் சுற்றி, மையக் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 140 மீட்டர், இரண்டு முனைகளிலும் 60 மீட்டர் தடையில்லாத சமதளம் வேண்டும். 1,926 பெருக்கல் 280, வகுத்தல் 4,047. விடை 133 ஏக்கர். மொத்த நிலமே 136! மூன்று ஏக்கரில் முனையக் கட்டடம், விமான நிறுத்தம், தீயணைப்பு நிலையம், கார் நிறுத்தம், முனைக்கு அப்பால் வைக்க வேண்டிய 90 மீட்டர் பாதுகாப்புப் பகுதி எல்லாவற்றையும் எங்கே வைப்பது? முடியாது. பனிக்கால விடியலில் தெரிவுநிலை 5 கிலோமீட்டருக்குக் கீழேயோ மேகத்தின் அடி 450 மீட்டருக்குக் கீழேயோ போனால், கண்ணால் பார்த்து இறங்கும் முறைக்கு அனுமதி இல்லை. சேர்வராயன் மலை மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் காலைகளில் விமானம் ஏன் திரும்பிப் போகிறது என்று பயணிகள் கோபப்படும்போது, பதிலின் பாதி இந்த 136 ஏக்கரில் இருக்கிறது.

விரிவாக்கத்துக்கு 500 ஏக்கருக்கு மேல் கேட்டபோது காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிபாடி விவசாயிகள் 2018-ல் எதிர்த்து நின்றார்கள். பாசனமுள்ள நிலம், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பல்கலைக்கழக நிலையங்களோடு ஒப்பிட வேண்டிய இடமும் இதுவே. இலினாயின் வில்லார்டுக்கு 1,700 ஏக்கருக்கு மேல் இருக்கிறது. 1945-ல் திறந்த நிலையம் அது. நிலம் முன்பே கையில் இருந்தால் பின்னால் யாரையும் வெளியேற்ற வேண்டிய நிலை வராது. அந்தப் பகுதி நிலையங்களில் உபரி நிலத்தைச் சோளத்துக்கும் சோயாவுக்கும் குத்தகைக்கு விடுவது சாதாரணம். குத்தகைப் பணம் நிலையக் கணக்கில் சேரும். அதிலும் ஒரு சிக்கல்: தானியம் இருந்தால் பறவை வரும். ஓடுபாதையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிப் பயிர் வைக்கலாம் என்பதற்கு விதி வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் குச்சிக்கிழங்குக் காடு பரவாயில்லை, நிலக்கடலையும் சோளமும் மயிலை அழைத்து வரும். நாலைந்து கிலோ எடையுள்ள மயில் புரொப்பெல்லரில் பட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இனிப் பயிற்சி. ஒரு பர்டூ மாணவருக்குத் தன் பல்கலைக்கழக ஓடுபாதையால் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்று எண்ணில் சொல்லலாம். அமெரிக்காவில் விமான நிறுவனத்தில் சேர வேண்டிய உரிமத்துக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற வானூர்திப் பட்டப் படிப்பும் பயிற்சியும் சேர்த்து முடித்தவருக்கு 1,000 போதும். 500 மணி நேரம் என்பது ஒரு வருடத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். 2013-க்குப் பிறகு பல்கலைக்கழகப் பறப்புத் துறைகளுக்குக் கூட்டம் வந்ததில் இந்தச் சலுகைக்கும் பங்குண்டு. கூட்டம் வந்தால் ஓடுபாதைக்கு வேலை.

நம் நாட்டில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம். அதில் 100 தானே தலைமை விமானியாக. 20 ஊர் விட்டு ஊர் பறப்பது, அதிலும் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையாமல். 10 கருவிகளை மட்டும் பார்த்து. 5 இரவில், பத்து ஏற்ற இறக்கங்களோடு. ஒரு பயிற்சி விமானம் மாதம் 70 மணி ஓடினால் வருடத்துக்கு 840, அதாவது நான்கு மாணவர். வட்டமடித்து இறங்கிப் பழகும்போது ஒரு சுற்றுக்கு ஆறேழு நிமிடம், மணிக்கு எட்டு ஒன்பது தரையிறக்கம். ஐந்து விமானம் வைத்திருக்கும் பள்ளி ஒரு காலையிலேயே ஏடிஆர் ஒரு வாரத்தில் செய்வதைவிட அதிகமாக ஏறி இறங்கும். பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172-ன் முழு எடை 1,157 கிலோ, ஏடிஆர் 23 டன். ஓடுபாதைக்கு அது ஒரு சுமையே இல்லை. தரையிறங்கும் கட்டணத்தில் பெரிய வருமானம் வராது, உண்மைதான். வருமானம் கொட்டகை வாடகை, எரிபொருள், நில வாடகை, பழுது பார்க்கும் கூடம், விடுதி என்று சுற்றி வரும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆள், தீயணைப்பில் ஆள், புல்வெட்டும் வேலை எல்லாம் தினமும் பயன்படும்.

விமான நிலைய ஆணையம் 2022-ல் பயிற்சிப் பள்ளிகளுக்கு இரண்டாம் சுற்றாக இடம் ஒதுக்கியபோது பாவ்நகர், ஹூப்ளி, கடப்பா, கிஷன்கர் வரிசையில் சேலமும் இருந்தது. என் கணக்கில், காமலாபுரத்துக்கு வந்த எந்த விமான நிறுவனத்தையும்விட இது முக்கியமான செய்தி. உள்ளூரில் அதற்குக் கிடைத்த கவனம் சொற்பம்.

இங்கே பயிற்சி நடத்துவதில் உள்ள கஷ்டங்களும் நம்மூருக்கே உரியவை. 307 மீட்டர் என்பது 1,000 அடிதான். ஆனால் 38 டிகிரியில் காற்று லேசாகி, விமானத்துக்கு அது சுமார் 4,000 அடி உயரம் போலத் தெரியும்: தரநிலை வெப்பநிலைக்கு மேலான ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி, 25 டிகிரிக்கு 3,000 அடி. செஸ்னா 172 போன்ற சின்ன எஞ்சின் விமானத்தின் ஏறும் வேகம் கணிசமாகக் குறையும். மாணவரும் ஆசிரியரும் முழு டேங்கும் சேர்ந்தால் இன்னும் மோசம். அதனால் மார்ச் முதல் ஜூன் வரை விடியலிலிருந்து பத்து மணி வரைதான் நல்ல நேரம். பத்து மணிக்கு மேல் சேர்வராயன் சரிவு சூடாகி, காற்று குலுக்க ஆரம்பிக்கும். புதிதாய்ப் பழகுபவரால் சீராக இறக்க முடியாது. 04 பக்கம் கிளம்பினால் வடகிழக்கு நோக்கிப் போகும், வலது கைப் பக்கம் மலை. ஏற்காடே 1,500 மீட்டர். காற்று மலையைத் தாண்டி இந்தப் பக்கம் கீழே விழும் நாட்களில் அந்த இறங்கு காற்றில் மாட்டினால், ஏறும் வேகமே இல்லாத விமானத்துக்குத் தப்பிக்கும் வழி மேற்கே திரும்புவது மட்டும்தான். பயிற்சிச் சுற்றை மலைக்கு எதிர்ப்பக்கம் வைப்பது நல்லது.

எரிபொருள் அடுத்தது. பழைய வகைப் பயிற்சி விமானங்களுக்கு அவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல் வேண்டும். பல வருடம் அது வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. 2022-ல்தான் இந்தியன் ஆயில் வடோதரா ஆலையில் செய்ய ஆரம்பித்தது. சின்ன நிலையங்களுக்கு அது பீப்பாயில் வரும். பீப்பாயில் தண்ணீர் சேரும், காலாவதி பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறை நிரப்பிய பின்னும் டேங்க் அடியில் வடித்துப் பார்க்க வேண்டும். ஏடிஆருக்கு வரும் ஜெட் எரிபொருளிலேயே ஓடும் டீசல் வகை எஞ்சின் பயிற்சி விமானத்தைத் தேர்ந்தால் இந்தத் தொல்லை இல்லை. எஞ்சின் விலையும் மாற்றும் செலவும் அதிகம்; இருந்தாலும் காமலாபுரம் போன்ற இடத்துக்கு அதுவே சரி என்பேன்.

பல்கலைக்கழகமே உரிமையாளராக இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். வட கரோலினா பல்கலைக்கழகம் சேப்பல் ஹில்லில் 1940-ல் வாங்கிய ஹொரேஸ் வில்லியம்ஸ் விமான நிலையத்தை 2018 மே மாதம் மூடிவிட்டது. தத்துவப் பேராசிரியர் ஒருவரின் பெயரைத் தாங்கிய நிலையம். கிராமப்புற மருத்துவமனைகளுக்கு மருத்துவர்களைச் சுமந்து போன விமானங்கள் அங்கிருந்துதான் கிளம்பின. ஊர் வளர்ந்து ஓடுபாதையைச் சுற்றி வீடுகள் வந்தன. பல்கலைக்கழகத்துக்குப் புதிய ஆய்வு வளாகத்துக்கு நிலம் வேண்டியிருந்தது. இலினாயில் நடந்தது வேறு மாதிரி. வில்லார்டில் 1946-ல் தொடங்கிய வானூர்தி உளவியல் ஆய்வுக்கூடம் இந்தத் துறையின் முன்னோடி. விமானியின் கண் எதைப் பார்க்கிறது, தரையில் உள்ள பயிற்சிப் பெட்டியில் கற்றது ஆகாயத்தில் எவ்வளவு உதவுகிறது என்பதையெல்லாம் அளந்து காட்டியவர்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் செலவைக் குறைக்க வேண்டி வந்தபோது பல்கலைக்கழகம் பறப்புக் கல்லூரியைக் கைவிட்டது. 2010-களின் முற்பாதியில் பயிற்சி பக்கத்துப் பார்க்லேண்ட் கல்லூரிக்குப் போனது. நிலையம் மட்டும் பல்கலைக்கழகத்திடம் நின்றது. டெக்சஸ் ஏ அண்ட் எம் மூன்றாவது வழியை எடுத்தது: நிலம் தன்னிடம், நடத்துவது ஒப்பந்தத்தில் ஒரு தனியார் நிறுவனம்.

சேலத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் நாளைக்கு ஓடுபாதை வாங்கப்போவதில்லை. ஆனால் பெரியார் பல்கலைக்கழகமும் அரசுப் பொறியியல் கல்லூரியும் கருப்பூரில், ஓமலூர் சாலையில், விமான நிலையத்துக்குப் போகும் வழியிலேயே இருக்கின்றன. பர்டூ தரும் பாடத்தில் பாதிக்கு நிலம் தேவையில்லை. விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்துக்கான படிப்பு, மலைப்பக்கக் காற்றை அளக்கும் சிறு வானிலை நிலையம், மயில் நடமாட்டத்தைப் பருவம் தோறும் பதிவு செய்யும் விலங்கியல் துறை, ஓடுபாதையின் உராய்வையும் விரிசலையும் ஆண்டுதோறும் பரிசோதிக்கும் சிவில் துறை. ஆணையம் இவற்றுக்கு எங்கிருந்தோ ஆளை அழைத்துப் பணம் கொடுக்கிறது.

பயிற்சிப் பள்ளி நிலைக்க வேண்டுமானால் முதலில் கவனிக்க வேண்டியது கோபுரம் திறந்திருக்கும் நேரம். விமான நிறுவனத்தின் அட்டவணைக்கு ஏற்ப ஒன்பது மணிக்கு மேல் திறந்தால், கோடையில் பயிற்சிக்கு உகந்த நான்கு மணி நேரத்தில் மூன்று வீணாகும். மாதம் 70 மணி என்று போட்ட கணக்கு 25-க்கு இறங்கிவிடும், 200 மணி நேரத்தை எட்ட வேண்டிய மாணவர் விடுதி வாடகை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரவுப் பறப்புக்குரிய ஐந்து மணி நேரத்துக்கு ஓடுபாதை விளக்கும் மாலை ஷிப்டும் வேண்டும். அது இல்லையென்றால் மாணவரை வேறு ஊருக்கு அனுப்பித்தான் அந்தப் பத்துத் தரையிறக்கத்தை முடிக்க வேண்டியிருக்கும். சேருமுன் பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: கோபுரம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, சென்ற ஏப்ரலில் ஒவ்வொரு விமானமும் எத்தனை மணி நேரம் ஓடியது, நூறு மணி நேரச் சோதனைக்கு நின்ற விமானம் எத்தனை நாளில் திரும்பி வந்தது.